உராய்வு மேல பழியைப் போட்டுட்டா முடிஞ்சுதா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்கா. புடுங்கப் புடுங்க வந்துக்கிட்டே இருக்கு. நடுவுல ரெண்டு மொக்கைப் பதிவு பாதி எழுதி டிராஃப்ட்லயே தூங்குது. இன்னிக்கு மொக்கை இல்லை. கொஞ்சம் சீரியஸ் மேட்டர், கொஞ்சம் நீளமும்கூட. நேரமில்லாதவங்க அப்பாலிக்கா வந்து படிங்க.

எனக்குச் சொந்த ஊரு சாத்தூர் பக்கம். அதனால காலையில பேப்பரைப் பிரிச்சா (இப்பல்லாம் போனைத் தேய்ச்சா) ஒரு செய்தி அடிக்கடி கண்ணுல படும். ஊர் பேரும் சாவு எண்ணிக்கையும் மட்டும்தான் மாறும், மத்ததெல்லாம் அச்சு மாறாது. மருந்துக் கலவை செய்யும்போது உராய்வு ஏற்பட்டது, அறை தரைமட்டமானது, போர்மேன் மேல வழக்கு, குடும்பத்துக்கு நிவாரணம். அவ்வளவுதான். அடுத்த செய்திக்குப் போயிடலாம்.

இந்த 'உராய்வு'ங்கிற வார்த்தை மேல எனக்குப் பல வருஷக் கடுப்பு. நம்ம ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்துக்கிச்சுன்னா 'மின்சாரம் காரணமாக சர்வர் படுத்தது'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? மேனேஜர் கடிச்சுத் துப்பிட மாட்டாரு? ஏன் மின்சாரம் போச்சு, போனா அடுத்தது ஏன் தாங்கலை, ஒண்ணு படுத்தா மிச்சம் பத்தும் ஏன் சேர்ந்து படுத்துச்சுன்னு விடிய விடிய உக்காத்தி வச்சுக் கேப்பாங்க. நாலு பேர் பணம் எடுக்க முடியலைன்னு சொன்னதுக்கே இந்தப் பாடு. உயிர் போனதுக்கு ஒத்தை வார்த்தை போதுமாம்.

சரி, கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

போன வருஷம் ஆன்சைட்னு அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்துக்கு அனுப்பி வச்சாங்க. வில்மிங்டன். ஊர் முழுக்க பேங்கு, பேங்குக்குள்ள முழுக்க நம்மாளுங்க. ஒரு சனிக்கிழமை பொழுது போகாம, ரூம்மேட் இழுத்த இழுப்புக்குப் போய் நின்ன இடம் ஹாக்லி மியூசியம். உள்ள போற வரைக்கும் அது என்னன்னே தெரியாது. போய்ப் பாத்தா, வெடிமருந்து ஆபீஸ்! சாத்தூர்க்காரன் பத்தாயிரம் மைல் தாண்டிப் போயும் பட்டாசு ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும்னு தலையில எழுதியிருக்கு :-)

பிராண்டிவைன்னு ஒரு ஆறு. அதோட கரையில 1802-ல டூபான்ட் கம்பெனியை ஆரம்பிச்சவர் கரிமருந்து அரைக்கிற ஆலை போட்டாரு. கரிமருந்துன்னா வேற ஒண்ணுமில்லை, வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் சேர்ந்தது. பழைய துப்பாக்கி, பீரங்கி, பாறை உடைக்கிற வேட்டு எல்லாத்துக்கும் அதுதான் அப்போ. ஆலை 1921 வரைக்கும் ஓடியிருக்கு.

அங்க என்னை நிறுத்தி வச்சது அந்தக் கட்டடங்கள்தான். மூணு பக்கம் கோட்டை மாதிரி கருங்கல் சுவரு, நல்ல கனம். நாலாவது பக்கம் ஆத்தைப் பாத்து இருக்கு, அந்தப் பக்கம் மட்டும் வெறும் மரப்பலகை. கூரையும் லேசானது, ஆத்துப் பக்கமாச் சரிச்சுப் போட்டது. உள்ள வெடிச்சா பலகையும் கூரையும் பிச்சுக்கிட்டு ஆத்துல போய் விழும். பக்கத்து ஆலைக்கு ஒண்ணும் ஆகாது. அங்க வேலை செஞ்சவங்க நடுவுல ஒரு பேச்சு வழக்கு உண்டாம். ஒருத்தர் வெடிச்சுச் செத்துட்டா 'ஆத்தைத் தாண்டிட்டாரு'ன்னு சொல்வாங்களாம். கேட்டதும் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை.

யோசிச்சுப் பாருங்க. 'வெடிக்காது'ன்னு நம்பி எவனும் இப்படிச் சுவர் கட்ட மாட்டான். வெடிக்கும், என்னிக்கோ ஒருநாள் நிச்சயமா வெடிக்கும், அப்போ எத்தனை பேர் சாகணும்ங்கிறதை இப்பவே முடிவு பண்ணிடலாம்னு நினைச்சவன்தான் கட்டுவான். நம்ம தொழில்ல இப்போ 'பிளாஸ்ட் ரேடியஸ்'னு ஒரு வார்த்தை ஸ்டைலாச் சுத்துது இல்லையா, ஒரு சர்வீஸ் விழுந்தா எதெல்லாம் கூட விழும்னு கணக்குப் போடுறது. அது நம்ம வார்த்தை இல்லை சாமி. இந்த மாதிரி இடத்துல இருந்து நாம கடன் வாங்கினது.

கணக்கு சொல்றேன். கிட்டத்தட்ட 120 வருஷத்துல அந்த ஆலையில 288 வெடிப்பு, 228 சாவு. அங்க சொல்ற கணக்கு இது. சராசரி பாத்தா ஒரு வெடிப்புக்கு ஒரு உசுருகூட இல்லை. உடனே வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறேன்னு பாய வேண்டாம். 1818-ல ஒரே நாள்ல முப்பதுக்கும் மேல செத்திருக்காங்க. வேலை பாத்ததுல நிறையப் பேர் அயர்லாந்துல இருந்து பஞ்சம் பொழைக்க வந்தவங்க, கதை நம்ம ஊர்க் கதைதான். ஆனா 288 தடவை வெடிச்சும் மிச்சப் பேர் பொழைச்சுக் கிடந்தாங்கன்னா, அதுக்குக் காரணம் அந்தச் சுவரும் கட்டடத்துக்குக் கட்டடம் விட்ட இடைவெளியும்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி. ஒரே ஆலையில ஏறக்குறைய 40 பேர். அதுல நிறையப் பேர் அங்க வேலை பாத்தவங்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ள மாட்டினவங்களைத் தூக்கலாம்னு ஓடி வந்த ஊர்க்காரங்க. அடுத்தது வெடிச்சப்போ அவங்களும் போயிட்டாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், இருபதுக்கும் மேல. ஒரே தேதி, ஒரே ஆலை.

உராய்வு ஒரு பொறியைக் குடுக்கும். ஒத்துக்கிறேன். அந்தப் பொறி ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்கு எப்படிப் போச்சுங்கிறதுக்கும் உராய்வுதான் பதிலா?

இதுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசணும். நான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன், முதல் வருஷ கெமிஸ்ட்ரியில அரியர் வச்சவன், அதனால பயப்படாம படிங்க.

எல்லா மருந்தும் ஒண்ணு இல்லை. கரிமருந்தை லேசாத் தட்டினதுக்கோ தேய்ச்சதுக்கோ சட்டுன்னு பத்திக்காது. அதுக்குப் பொறி வேணும், நெருப்பு வேணும். ஆனா பொறின்னு ஒண்ணு வந்துட்டா கடுகளவு போதும். அதனாலதான் இரும்புக் கரண்டி கூடாது, ஆணி அடிச்ச செருப்பு கூடாதுன்னு அந்தக் காலத்துலயே சட்டம். பிராண்டிவைன் ஆலையில செருப்புக்கு இரும்பாணிக்குப் பதிலா மரக்குச்சி அடிச்சிருக்காங்க. மருந்தை அரைக்கும்போது தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஈரமா இருக்குற வரை ஆபத்து குறைச்சல். நம்ம ஊர்லயும் வெறுங்கால், பருத்தித் துணி, தரையில ரப்பர் பாய் எல்லாம் விதியில உண்டு. ஆள் மேல சேர்ந்த மின்சாரம் இறங்கட்டும்னு உலோகத் தகட்டைத் தொட்டுட்டுப் போகச் சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியாத வில்லன் மணல். செருப்போட வந்த ரெண்டு மணல் மருந்துக்குள்ள போயிட்டா, அப்புறம் நீங்க கலக்குறது மருந்தை இல்லை, தீக்கல்லை.

அடுத்தது குளோரேட். இதுக்கு ஒரு கதை இருக்கு. லவாய்சியேன்னு ஸ்கூல்ல படிச்சோமே, நவீன வேதியியலோட தந்தை. அவரு பிரெஞ்சு அரசாங்கத்தோட வெடிமருந்து இலாகாவையும் பாத்துக்கிட்டாரு. 1788-ல, வெடியுப்புக்குப் பதிலா குளோரேட் போட்டா மருந்து இன்னும் வீரியமா வருமான்னு எஸ்ஸோன்ங்கிற ஊர்ல சோதனை. எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் போனாங்க. சாப்பிட்டுட்டு ரெண்டு பேர் மட்டும் முன்னாடி திரும்பிப் போனாங்க, அந்த ரெண்டு பேரும் காலி. லவாய்சியேவும் அவரு மனைவியும் பின்னாடி வந்ததால தப்பிச்சாங்க. அந்த லவாய்சியேகிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன்தான் பின்னாடி பிராண்டிவைன்ல மூணு பக்கச் சுவர் கட்டினவரு. எங்க இருந்து எங்க முடிச்சு விழுது பாருங்க.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தா தேய்ச்சாலே போதும். தீக்குச்சித் தலையில குளோரேட் இருக்கு, பெட்டியோட பக்கத்துல சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கு, உரசினாப் பத்துது. அந்த வித்தையைக் கிலோ கணக்குல ஒரு ரூமுக்குள்ள நினைச்சுப் பாருங்க. இந்தியாவுல கந்தகத்தோட குளோரேட்டைக் கலக்குறதை 1992-ல தடை பண்ணினாங்க. எஸ்ஸோன்ல ரெண்டு பேர் செத்து 204 வருஷம் கழிச்சு. நாம எப்பவுமே கொஞ்சம் நிதானம்தான்.

மூணாவது அலுமினியத் தூள் மருந்து. 'டமார்'னு சத்தம் வர்ற வெடியில இன்னிக்கு இருக்கிறது பெரும்பாலும் இதுதான். கரிமருந்து திரியிலயும், வானத்துல ஏறுற வெடியைத் தூக்கிவிடவும்தான் ஜாஸ்தி. கரிமருந்தைத் தரையில கொட்டிப் பத்த வச்சா 'புஸ்'ஸுன்னு போகும், இறுக்கி அடைச்சாத்தான் வெடிக்கும். அலுமினிய மருந்துக்கு அடைக்கவே வேணாம். ஒரு அளவுக்கு மேல குவிஞ்சு கிடந்தாலே போதும், குவியலே குவியலை இறுக்கிக்கும். இன்னொண்ணு, கரிமருந்துல தண்ணி ஊத்தினா வெடியுப்பு கரைஞ்சு போய் ஆபத்து தணியும். அலுமினிய மருந்து லேசா நமுத்தா அதுவா உள்ளுக்குள்ள சூடேறும். சாயங்காலம் மிச்சம் வச்ச மருந்து மறுநாள் காலையில யாரும் தொடாமலே பத்திக்கும். அதனாலதான் மிச்ச மருந்தை ராத்திரி ரூம்ல வைக்காதேங்கிறாங்க. இதுக்கும் பேப்பர்ல 'உராய்வு'ன்னுதான் வரும்!

மூணுக்கும் பொதுவா ஒண்ணு. தனக்கு வேணுங்கிற ஆக்சிஜனைத் தன் மடியிலயே கட்டிக்கிட்டுத் திரியுற சாமான் இது. சாக்கைப் போட்டு மூடினா அணையாது. அணைக்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்த ரூம்ல எவ்வளவு இருந்துச்சு, எத்தனை பேர் இருந்தாங்க, கதவு எவ்வளவு பக்கம், இந்த மூணுதான் யாரு பொழைப்பாங்கன்னு சொல்லும்.

எங்க அத்தை கதையைச் சொல்லணும். அப்பாவோட தங்கச்சி. நான் ஆறாப்பு படிக்கும்போது நடந்தது. ஒரு பட்டாசு ஆபீஸ்ல மருந்து செலுத்துற ரூம்ல வேலை. ரூமுக்கு நாலு பேர்தான், இவ்வளவு மருந்துதான்னு வாசல்லயே போர்டு இருக்கும். தீபாவளிக்கு மூணு வாரம் இருக்குற சமயம். பீஸ் ரேட் வேலை, எத்தனை செலுத்துறியோ அத்தனை காசு. நடைக்கு நடை போய் மருந்து எடுத்துட்டு வந்தா நேரம் போகுது, காசு போகுது. அதனால எல்லா ரூம்லயும் ஒரேயடியா ரெண்டு மூணு நடை மருந்தைக் கொண்டாந்து பக்கத்துல வச்சுக்கிறது. போர்மேனும் பாத்தும் பாக்காத மாதிரிப் போவாரு.

அத்தை ரூம்ல ஒரு அக்கா, அவங்களுக்குப் பட்டப் பேரே 'சட்டம்'. கூட வந்த மருந்தை ரூம்ல வைக்க விட மாட்டாங்களாம். 'உள்ள இருக்கிறது தீரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்டி'ன்னு எடுத்துட்டுப் போய்த் தள்ளி வச்சுருவாங்க. மத்தவங்களுக்குக் கோவம் கோவமா வரும். நாள் கூலியில இருபது முப்பது ரூபா அடி வாங்குதுல்ல. அத்தையே அவங்களைத் திட்டியிருக்காங்களாம். அன்னிக்குக் காலையிலயும் சண்டை. சட்டம் அக்கா முணுமுணுத்துக்கிட்டே கூடுதல் மருந்தைத் தூக்கிட்டு வெளிய போயிருக்காங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள உள்ள பத்திக்கிச்சு.

கதவுகிட்ட உக்காந்திருந்த அத்தை உருண்டு வெளிய விழுந்தாங்க. ரெண்டு கையும் முழங்கை வரை வெந்து போச்சு. ஒருத்தங்க மதுரை பெரியாஸ்பத்திரியில ஒம்பதாம் நாள் இறந்தாங்க. இன்னொருத்தங்க பொழைச்சாங்க. ரூம் கூரை போச்சு, பக்கத்து ரூம் அப்படியே நின்னுச்சு. அந்த மருந்தும் உள்ள இருந்திருந்தா எனக்கு இன்னிக்கு அத்தை கிடையாது. விசாரணையில என்ன எழுதினாங்கன்னு நான் சொல்லவும் வேணுமா.

பிராண்டிவைன்ல அந்தச் சுவர்கிட்ட நின்னுக்கிட்டு அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். நம்ம ஊர்ல அப்போ ராத்திரி. காட்டினேன். 'ஏய்யா, ஒரு பக்கம் ஏன் பலகையா இருக்கு, காசு பத்தலையா அவனுக்கு?'ன்னு கேட்டாங்க. விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'நம்ம ரூமுக்கும் நாலு பக்கம் கதவு இருந்துச்சுய்யா, நாங்கதான் ரெண்டு கதவு மறைக்கிற மாதிரிப் பெட்டியை அடுக்கி வச்சிருந்தோம்'னாங்க.

இங்கதான் என் கருத்து. சட்டம் நம்மகிட்ட இல்லாம இல்லை. ரூமுக்கு ரூம் இடைவெளி, ஆள் கணக்கு, கிலோ கணக்கு, கதவு எல்லாமே எழுதித்தான் வச்சிருக்கு. மூணு கல் சுவர் யாரு கண்டிச்சாலும் நகராது, கூலியைப் பாத்து வளையாது. நம்ம விதியெல்லாம் ஒரு 'சட்டம்' அக்காவோட பிடிவாதத்துல நிக்குது. பீஸ் ரேட்டுக்கு ஒரு பொம்பளையை உக்காத்தி வச்சுட்டு, நடைக்கு நடை போய் மருந்து எடுத்துட்டு வான்னு சொல்றது அவ காசை எடுத்து நம்ம பாதுகாப்புக்குச் செலவு பண்ணச் சொல்றது. எடுத்துட்டு வர்ற நடைக்கும் கூலி உண்டுன்னு வச்சுப் பாருங்க, பாதிக் கூடுதல் மருந்து தானா ரூமை விட்டுப் போயிடும். உள்குத்தகை இன்னொரு கொடுமை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, ரூம்களைப் பிரிச்சு நாலஞ்சு பேருக்கு வாடகைக்கு விட்டுடுறது. அவனவன் சீசனுக்குள்ள போட்ட காசை எடுக்கணும்னு ரூம்ல ஆளை அடைப்பான், மரத்தடியில உக்காத்தி மருந்து செலுத்தச் சொல்வான். வெடிச்சதும் லைசென்ஸ்காரர் 'எனக்குத் தெரியாது'ம்பாரு. வழக்கு கடைசியில போர்மேன் தலையில.

'பட்டாசையே தடை பண்ணிட்டா?'ன்னு என் ரூம்மேட் கேட்டான். சென்னைக்காரன், அவனுக்கு ஈஸி. எங்க பக்கம் வானம் பாத்த பூமி, மழையும் கம்மி. இந்தத் தொழில் போச்சுன்னா எங்க அத்தை மாதிரி ஆளுங்க எங்க போவாங்கன்னு அவன்கிட்ட பதில் இல்லை. முழுசா என்கிட்டயும் இல்லை. ஆனா விபத்து அறிக்கையையாவது பொதுவுல வைக்கணும்ங்கிறது என் கட்சி. எந்த மருந்து, ரூம்ல எவ்வளவு, போர்டுல எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை கதவு திறந்திருந்துச்சு. அஞ்சே அஞ்சு வரி, தமிழ்ல, எல்லா ஆபீஸ் வாசல்லயும் ஒட்டணும். யாரையும் தூக்கில போட இல்லை. நம்ம ஆபீஸ்ல ஒரு பிரச்சினை முடிஞ்சதும் யாரையும் பழிக்காம உக்காந்து எழுதுறோமே, அதே மாதிரிதான்.

டிஸ்கி: சின்ன வயசுல வெடிக்காத வெடியை எல்லாம் பொறுக்கிப் பிரிச்சு, மருந்தைப் பேப்பர்ல கொட்டிப் பத்த வச்ச வீரர்கள் இங்க நிறையப் பேர் இருப்பீங்க. நானும்தான். புருவம் ரெண்டும் போய் ஒரு மாசம் ஸ்கூல்ல 'முட்டை'ன்னு கூப்பிட்டாங்க. உங்க வீட்டு வாண்டுகள் அதைச் செஞ்சா சிரிச்சுக்கிட்டு விட்டுடாதீங்க. மேல மூணாவதா சொன்னேனே, அந்த மருந்துதான் உள்ள இருக்கிறது. வெடிக்காததைப் பிரிக்க வேணாம், வாளித் தண்ணியில முக்கிப் போட்டுட்டு அந்த வாளியைத் தள்ளி வெளியில வச்சிருங்க.

இன்னொரு டிஸ்கி: விருதுநகர் மாவட்டத்துப் பதிவர்கள் யாராச்சும் இருந்தா, உங்க பக்கத்து ஆபீஸ்ல மருந்து எடுத்துட்டு வர்ற நடைக்குத் தனிக் கூலி குடுக்குறாங்களான்னு விசாரிச்சுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அத்தை கேக்கச் சொன்னாங்க.